எதிரியின் நட்சத்திரம் அனுசம்

— இது ஒம்பதாவது வெள்ளிக்கிழமை, அங்கிள். ஒம்பது அர்ச்சனை செய்திட்டன். ஒண்டும் பலிக்கேல்லை. முருகனுக்குக் காது கேக்கேல்லையோ, இல்லாட்டி உங்கட ஐயருக்குப் பேர் வாயிலை வரேல்லையோ?

— மெல்லக் கதையும் பிள்ளை, உள்ளுக்கை திரை போட்டிருக்கு. ரிக்கெற் எழுதிக் குடுக்கிற எனக்கு என்ன தெரியும்? முதல் இந்தக் கதிரையிலை இரும். ஆர்ச்வே ஸ்டேஷனிலை இருந்து நடந்தோ வந்தனீர்?

— நடந்துதான். மூண்டு இடத்திலை நிண்டு நிண்டு வந்தன். போன வருசம் இதே ஏத்தத்திலை ஓடிப் பயிற்சி எடுத்தனான்.

— வீக்கம் இன்னும் வத்தேல்லைப் போலை கிடக்கு.

— காலை விடுங்கோ, அர்ச்சனையைச் சொல்லுங்கோ. சத்துரு சங்கார அர்ச்சனை எண்டு போர்டிலை எழுதித்தானே வைச்சிருக்கிறியள்? எதிரியை அழிக்கிறது எண்டுதானே அதுக்கு அர்த்தம்?

— ஓம். எதிரி, கண்ணூறு, பொறாமை, எல்லாத்தையும் அவர் பாத்துக்கொள்ளுவார்.

— நல்லாத்தான் பாத்தவர்! நான் அர்ச்சனை துடங்கின கிழமை வலைப்பந்து மாச்சிலை அவள் இருபத்தெட்டுக் கோல். அடுத்த கிழமை முப்பத்தைஞ்சு. போன ஞாயிறு அரையிறுதியிலை நாப்பத்தொண்டு. ஒரு பந்தும் வளையத்திலை தட்டுப்படாமல் நேரா உள்ளுக்கை. நான் பெஞ்சிலை இருந்து அவளுக்குத் தண்ணிப் போத்தல் நீட்டினனான்.

— நாப்பத்தொண்டோ! அதுவும் அரையிறுதியிலையோ!

— என்ன அங்கிள், உங்களுக்குச் சந்தோசமோ?

— சீச்சீ. தொகையைக் கேட்டு வாயைப் பிளந்திட்டன். பொறும், எனக்கு ஒண்டு விளங்கேல்லை. அவள் எண்டால் ஆர்?

— என்ர எதிரிதான். கிழமைக்குக் கிழமை நீங்கள்தானே எழுதுறியள். பேர் ஜதுர்ஷிகா, நட்சத்திரம் அனுசம்.

— அது உம்மட எதிரியின்ர பேரோ?

— பின்னை? தங்கச்சியின்ர பேரோ?

— என்ர முருகா! எதிரியின்ர பேரை ஆரும் குடுப்பினமே பிள்ளை? ஆருக்கு நன்மை வேணுமோ அவையின்ர பேரைத்தான் குடுக்கிறது. அனுச நட்சத்திரத்திலை பிறந்த ஜதுர்ஷிகாவுக்கு எதிரியே இல்லாமல் போகட்டும் எண்டெல்லோ ஐயர் சொல்லியிருப்பார்!

— விசர்க்கதை கதையாதேங்கோ.

— சத்தியமாப் பிள்ளை. எதிரி ஆரெண்டு நாங்கள் சொல்லத் தேவையில்லை. அது அவருக்குத் தெரியும்.

— அப்ப நான் ஒம்பது கிழமையா அவளின்ர எதிரியை அழி, அழி எண்டு கும்பிட்டிருக்கிறன்.

— அப்பிடித்தான் வருது.

— அவளுக்கு எதிரி எண்டு இந்த லண்டனிலை ஒரேயொரு ஆள்தான் இருக்கு, அங்கிள். அது நான்.

— அப்பிடியெல்லாம் யோசிக்காதேயும்.

— மூண்டாவது அர்ச்சனைக்குப் பிறகுதான் ரெய்னர்ஸ் லேன் ஸ்டேஷன் படியிலை விழுந்தனான். ஆறிக்கொண்டு வந்த முழங்கால். இனி இந்த சீசனே இல்லை எண்டு பிசியோ சொன்னவள். கையிலை பூசைத்தட்டோடை வந்து நானே எனக்குக் கேட்டு வாங்கியிருக்கிறன்! சிரிக்காதேங்கோ!

— சிரிக்கேல்லைப் பிள்ளை. ஆரிட்டையாவது ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே.

— ஆரிட்டைக் கேக்கிறது? பதின்மூண்டு வயசிலை தனியா வந்தனான். கோயிலுக்குப் போனால் ஒரு பேரும் நட்சத்திரமும் சொல்லவேணும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அவளின்ர நட்சத்திரம் அனுசம் எண்டதையும் யோசிச்சு யோசிச்சுத்தான் பிடிச்சனான். போன வருசம் மாச்சுக்குப் போற பஸ்ஸிலை பக்கத்திலை இருந்து சாதகம் பாக்கிற கதை கதைக்கேக்கை அவளே சொன்னது, நல்லகாலம் ஞாபகம் இருந்தது. அப்ப நாங்கள் சிநேகிதம்.

— நான் வேறை மாதிரி எல்லே நினைச்சனான். தன்ர இடத்திலை விளையாடுறவளுக்கு ஒரு இடைஞ்சலும் வரக்கூடாது எண்டு இந்தப் பிள்ளை கும்பிடுது, எதிர் ரீமைச் சங்காரம் செய்யச் சொல்லிக் கேக்குது, இது என்ன மனசு எண்டு நினைச்சன். வீட்டை போனால் எனக்குச் சாப்பாடே இறங்கிறேல்லை.

— உங்களுக்கேன் சாப்பாடு இறங்கேல்லை?

— அது... ஒரு கதைக்குச் சொன்னனான்.

— சரி, இப்ப சரியா எழுதுங்கோ. நாளைக்குப் பின்னேரம் இறுதி ஆட்டம். பேர் ஷோபா, நட்சத்திரம் சித்திரை. ரிக்கெற்றைக் கிழியுங்கோ.

— இண்டைக்கு ஏலாது பிள்ளை. ரிக்கெற் புத்தகம் முடிஞ்சுது.

— உங்கட முழங்கைக்குக் கீழை கிடக்கிறது என்ன?

— இது அபிசேக ரிக்கெற். அதோடை ஐயரும் இல்லை. பிளேஸ்டோவிலை ஒரு வீடு குடிபுகுதலுக்குப் போயிட்டார்.

— இப்பத்தானே திரைக்குப் பின்னாலை அவரின்ர செருமல் கேட்டுது.

— பிள்ளை, நான் சொல்லுறதைக் கேளும். நாளைக்கு வெண்டால் உம்மட ரீமும்தானே வெல்லும்? உமக்கும் ஒரு மெடல் கிடைக்கும்.

— பெஞ்சுக்குக் குடுக்கிற மெடலோ? அங்கிள், இந்த லீக் துடங்கி ரெண்டு வருசம்தான். இந்த நாட்டிலை இதுக்கு மேலை ஒரு லீக் இல்லை. இப்பிடி ஒண்டு வரட்டும் எண்டு நான் பத்து வருசம் குளிருக்குள்ளை, பார்க்கிலை, கார் நிப்பாட்டுற இடத்திலையெல்லாம் விளையாடினனான். கவுன்சிலிலை இருந்த முழுநேர வேலையை விட்டிட்டன். எனக்கு இருபத்தொம்பது வயசு. முதல் வருசம் முழுக்க கோல் ஷூற்றர் நான்தான். அவள் என்ர இடத்துக்குக் காத்திருந்தவள்.

— அவளும் பாவம்தானே, காத்திருந்தவள்தானே.

— காத்திருக்கட்டும். முதுகிலை குத்தினவளெல்லோ! முழங்காலுக்கை சவ்வு கிழிஞ்சுதான் நான் இந்த சீசன் துடங்கினனான். ஊசி போட்டு, வலியை விழுங்கி, ஆருக்கும் காட்டாமல் அஞ்சு மாச் விளையாடினனான். அஞ்சும் வெண்டனாங்கள். ஆறாவது மாச்சுக்கு முதல்நாள் கோச் கூப்பிட்டு, காலைக் காட்டு எண்டாள். அடுத்தநாள் ஸ்கான். அதோடை சரி. ஆர் சொன்னது எண்டு கேட்டன். உங்கட சமூகத்து ஆள் ஒருத்தர் எண்டாள். அங்கிள், எங்கட கிளப்பிலை தமிழர் ரெண்டே ரெண்டு பேர். நானும் அவளும்.

— அப்பிடி எண்டவுடனை அவள்தான் எண்டு...

— வேறை ஆர்? உடுப்பு மாத்திற அறையிலை நான் ஐஸ் கட்டினதைக் கண்டவளும் அவள்தான். அண்டைக்கே கோல் ஷூற்றர் எண்ட எழுத்துப் போட்ட என்ர மேற்சட்டை அவளின்ர உடம்பிலை ஏறீட்டுது. அண்டையிலை இருந்து நான் அவளோடை ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. ஒரே பெஞ்ச், ஒரே பஸ், ஒரு சொல்லும் இல்லை. நாளைக்கு எல்லாரும் பாக்கத்தக்கதா அவளுக்குக் கை நடுங்கவேணும். போடுற ஒவ்வொரு பந்தும் வெளியிலை விழவேணும். வலை எங்கை கிடக்கெண்டே அவளுக்குத் தெரியக்கூடாது. அதைப் பாத்தாப் பிறகு என்ர கால் போனாலும் காரியமில்லை.

— சன்னிதியிலை நிண்டு இப்பிடிச் சொல்லாதேயும் பிள்ளை! அது சின்னப் பிள்ளை. போன வருசம் முழுக்க ஒரு நிமிசம் விளையாட விடாமல் இருத்தி வைச்சவங்கள். ஒவ்வொரு ஞாயிறும் வந்து, குளியலறைக்குள்ளை பைப்பைத் திறந்துவிட்டிட்டு, சத்தம் வெளியிலை கேளாமல் அழுகிறது.

— அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

— பொறும், உள்ளுக்கை மணிச் சத்தம் போலை கிடக்கு.

— அங்கிள். அவள் குளியலறைக்கை அழுதது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

— அது என்ர வீட்டுக் குளியலறை, பிள்ளை.

— ஜதுர்ஷிகா செல்வரத்தினம்.

— நான்தான் செல்வரத்தினம்.

— இவ்வளவு நாளும் இதிலை இருந்து எழுதினியளே! ஒரு வெள்ளிக்கிழமையாவது வாய் திறந்து, இது என்ர மகள் எண்டு சொன்னியளோ?

— சொல்லத்தான் நினைச்சனான். வாய் வரேல்லை.

— மாச்சுக்கும் ஒரு நாள் வந்ததில்லை. அப்பாவுக்கு விளையாட்டே பிடியாது எண்டுதான் அவள் சொல்லுறவள்.

— வெள்ளி சனி ஞாயிறு இஞ்சை கோயில் தொண்டு, மற்ற நாள் பெற்றோல் ஷெட்டிலை ஷிப்ட். வந்தாலும் என்னாலை பாத்துக்கொண்டு இருக்க ஏலாது. அவள் கோல் போட நிண்டால் நான் கண்ணை மூடிப்போடுவன்.

— நல்ல அப்பா. மகளுக்கு எதிரியே இல்லாமல் செய்த அப்பா. இப்ப எழுதுங்கோ. உங்கட கையாலையே எழுதுங்கோ. ஷோபா, சித்திரை.

— வேண்டாம் பிள்ளை. கும்பிட்டுக் கேக்கிறன். நாளைக்கு அவளுக்கு ஒண்டும் வரக்கூடாது.

— எனக்கு வந்ததுதானே!

— அவள் செய்யேல்லை!

— அவள்தான் செய்தவள்!

— இல்லைப் பிள்ளை. கோச்சுக்கு ஃபோன் எடுத்தது நான்.

— என்ன சொல்லுறியள்?

— சீசன் துடங்கின புதிசிலை நீர் முதல் முதல் இந்த மேசைக்கு வந்தது நினைவிருக்கே? முழங்காலுக்கு எண்டு ஒரு அர்ச்சனை. எழுதேக்கை நான் சும்மா கேட்டனான், என்ன பிள்ளை காலுக்கு எண்டு. சவ்வு கிழிஞ்சு போச்சு அங்கிள், ஊசி போட்டு விளையாடுறன், கோச்சுக்குத் தெரிஞ்சால் என்ர சீவியம் முடிஞ்சுது, ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ எண்டு சொன்னனீர்.

— உங்களுக்கு... உங்களுக்கோ சொன்னனான்!

— எந்த ரீம் எண்டும் சொன்னனீர். ரெண்டு கிழமை பொறுத்தனான். மூண்டாம் கிழமை அவள் பிறகும் அழுதுகொண்டு வந்தாள். ஃபிறிட்ஜிலை ஒட்டியிருந்த மாச் லிஸ்றிலை கோச்சின்ர நம்பர் கிடந்தது. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசிலை சொன்னனான்.

— என்ன சொன்னனீங்கள்?

— ஷோபா நீ நோ குட் எண்டு. இங்கிலீசிலை முழங்காலுக்கு நீ எண்டுதானே.

— நாலு சொல்லு. பத்து வருசத்துக்கு நாலு சொல்லு.

— உம்மட காலுக்கும் நல்லது எண்டு நினைச்சுத்தான்...

— பொய் சொல்லாதேங்கோ. முருகன்ர சன்னிதியிலை பொய் சொல்லாதேங்கோ.

— ஓம். பொய்தான். அவளுக்காகத்தான் செய்தனான். அதாலைதான் சொல்லுறன், தண்டிக்கிறதெண்டால் என்னைத் தண்டியும். எனக்கு எதிரா நூறு அர்ச்சனை செய்யும், நானே இருந்து எழுதித் தாறன். அவளை விட்டிடும்.

— அவளுக்குத் தெரியுமோ?

— தெரியாது. தன்ர திறமைக்குக் கிடைச்ச இடம் எண்டு நினைக்கிறாள். நீர் ஏன் தன்னோடை கதைக்கிறேல்லை எண்டு ரெண்டு மூண்டு தரம் வீட்டிலை சொல்லிக் கவலைப்பட்டவள். ஷோபா அக்கா கோவிக்கிற அளவுக்கு நான் என்னப்பா செய்தனான் எண்டு என்னையே கேட்டவள்.

— நீங்கள் என்ன சொன்னியள்?

— அவவுக்குப் பொறாமை எண்டு சொன்னனான்.

— ஓ.

— தெரிஞ்சால் அவள் அந்தச் சட்டையைக் கையாலையும் தொடமாட்டாள். அப்பிடிப்பட்ட பிள்ளை அது. நாளைக்கு ஒரு நாள் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை நானே அவளுக்குச் சொல்லுறன். முருகன் அறிய உம்மட காலிலை விழுந்து...

— எழும்புங்கோ அங்கிள். ரிக்கெற் வேண்டாம்.

— வேண்டாமோ?

— அர்ச்சனை ஒண்டும் வேண்டாம். புத்தகத்தை மூடுங்கோ.

— நீர் நல்லா இருப்பீர் பிள்ளை! எனக்குத் தெரியும், உம்மட மனசு... என்ன, ஆருக்கு ஃபோன் எடுக்கிறீர்?

— உஷ்... ஹலோ, ஜது? ஓம், ஷோபா அக்காதான். இல்லையடி, கோவம் இல்லை, உன்னிலை ஒரு பிழையும் இல்லை. நான் இஞ்சை கோயிலிலை நிக்கிறன். ஃபோனை வையாதை, அப்பாட்டைக் குடுக்கிறன், அவர் உனக்கு ஒண்டு சொல்லவேணுமாம்.