அறிவித்தலில் நேரம் போடுவதில்லை

எழுத்துப்பிழை எனக்குப் பிடிக்காது, ஐயா. இந்தத் தம்பி எழுதுகிற வாக்குமூலத்தில் ‘ராசமலர்’ என்று இருக்கிறது. அடையாள அட்டையில் முன்னால் ஓர் ‘இ’ உண்டு. இராசமலர். தேடுகிறவர்கள் இரண்டு விதமாகவும் தேடுவார்கள், அது வேறு விஷயம். எழுதும்போது சரியாக எழுதுவதுதான் செத்தவருக்குச் செய்கிற மரியாதை. அதைத் திருத்திவிட்டால் நான் தொடங்கலாம்.

என் பெயர் சுதாகரன். கிளிநொச்சியில் கண்டி வீதியில் ஒரு ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடியில் என் அலுவலகம். அலுவலகம் என்றால் ஒரு மேசை, இரண்டு கணினி, நான். அங்கிருந்துதான் ‘விடைபெற்றோர்’ என்ற மரண அறிவித்தல் தளத்தை ஏழு வருடமாக நடத்துகிறேன். வன்னியில் யார் கண்ணை மூடினாலும் ரொறன்ரோவில் இருக்கிற மருமகன் முதலில் பெயரைக் கூகுளில் போட்டுத்தான் பார்ப்பான். அப்போது முதலாவதாக வருவது யாருடைய தளம் என்பதே என் தொழில்.

ஏன் இந்தத் தொழில் என்று நேற்றுக் கேட்டீர்கள். என் தகப்பனார் இரண்டாயிரத்து ஒன்பதில் மாத்தளனில் ஷெல் பட்டு இறந்தார். ஒரு தென்னைக்குக் கீழே மண்ணைத் தள்ளி மூடிவிட்டு ஓடினோம். அறிவித்தல் இல்லை, எட்டாம் நாள் சடங்கு இல்லை, ஒன்றும் இல்லை. அவர் இறந்த நாளைப் பற்றி எங்கள் வீட்டில் இன்றைக்கும் சண்டை வரும். அம்மா வியாழன் என்பார், நான் வெள்ளி என்பேன். அதனால்தான் ஒருவர் போன நாளைச் சரியாக எழுதி உலகம் பார்க்கிற இடத்தில் வைக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததில் ஒரு குறையும் இல்லை.

கூகுளை ஏமாற்ற முடியாது என்று சொல்வார்கள். ஏமாற்றத் தேவையில்லை. நாலு பேர் ஒருவனை நல்லவன் என்று சொன்னால் அதுவும் நம்பிவிடும், எங்கள் சனத்தைப் போல. அந்த நாலு பேர் யாரென்றால் ஊர் ஒன்றியங்களின் முகநூல் பக்கங்கள், கோயில் பக்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், மற்றத் தளங்கள். அவர்கள் என் அறிவித்தலைப் பகிர வேண்டும், இணைப்புக் கொடுக்க வேண்டும். அதற்குச் செய்தி எனக்குத்தான் முதலில் வர வேண்டும். ஆகவே ஆட்களைப் பிடித்து வைத்திருந்தேன். சவப்பெட்டிக் கடைக்காரர், பந்தல்காரர், ஆஸ்பத்திரி வாசலில் ஓட்டோ ஓடுகிற றஜித். லண்டனிலும் சூரிச்சிலும் உள்ள ஒன்றியச் செயலாளர்களின் பிள்ளைகளுக்கு எப்போது பிறந்தநாள் என்பதுகூட எனக்கு மனப்பாடம். ஒன்றுக்கும் வாழ்த்து அனுப்பாமல் விட்டதில்லை.

வவுனியாவில் நிருஷன் என்றொருவன் இதே தொழில் செய்தான். என் அறிவித்தலை அப்படியே வெட்டி ஒட்டிப் பத்து நிமிடத்தில் தன் தளத்தில் போடுவான். அவனுடைய தளம் பழையது, அதனால் அவன்தான் முன்னால் வருவான். நகல் எடுக்கிறவனைக் கூகுள் தண்டிக்கும் என்று படித்தவர்கள் எல்லாரும் எழுதியிருந்தார்கள். எட்டு மாதம் பொறுத்துப் பார்த்தேன், அது தண்டிக்கவில்லை. போன வருடம் ஆனையிறவில், உப்பளம் தாண்டின இடத்தில், வாடகை வான் ஒன்றால் அவனுடைய மோட்டார் சைக்கிளைப் பின்னால் இடித்தேன். விழுந்தவன் எழும்பப் பார்த்தான். வானைப் பின்னுக்கு எடுத்து இன்னொரு தடவை ஏற்றினேன். வலது கால் முழங்காலுக்குக் கீழே போனது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், அந்தக் கேஸ் உங்களிடம் சும்மா கிடக்கிறது. அவனுக்கு இரத்தம் தேவை என்று முதலில் பதிவு போட்டவனும் நான்தான். சனம் அள்ளி அள்ளிப் பகிர்ந்தது. நிருஷன் குணமாகி வந்து நன்றி சொல்லி, தன் தளத்திலிருந்து எனக்கு ஓர் இணைப்பும் கொடுத்தான். நல்ல பெடியன்.

இனி மிசியின் விஷயம். இராசமலர் மிசி ஜெயபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் முப்பது வருடம் மருத்துவமாதுவாக வேலை செய்தவர். கலியாணம் கட்டவில்லை. இடம்பெயர்ந்து போன இடமெல்லாம் பிள்ளைப்பேறு பார்த்தார், மரத்துக்குக் கீழேயும் பங்கருக்குள்ளேயும். அவர் கையில் பிறந்தவர்கள் இப்போது பத்துப் பன்னிரண்டு நாட்டில் இருக்கிறார்கள். நானும் அவர் கையில்தான் பிறந்தேன்.

மூன்று கிழமைக்கு முன்னர் அவர் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார் என்று றஜித் சொன்னான். அன்றைக்கே அறிவித்தலை எழுதி வைத்துவிட்டேன். படமும் தேடி எடுத்துத் துப்புரவாக்கினேன். ‘சாவகச்சேரியைப் பிறப்பிடமாகவும் ஜெயபுரத்தை வதிவிடமாகவும் கொண்ட இளைப்பாறிய குடும்பநல உத்தியோகத்தர் செல்வி கனகலிங்கம் இராசமலர் அவர்கள்’ என்று தொடங்கும். நாளுக்கு மட்டும் இடம் விட்டிருந்தேன். எங்கள் ஆட்களின் அறிவித்தலில் நாள் போடுவோம், நேரம் போடுவதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு றஜித்திடமிருந்து செய்தி வந்தது. ‘மிசியின்ர அலுவல் முடிஞ்சுது. வீட்டை கொண்டு போகினம்.’ அவ்வளவுதான். ஐயா, நீங்களும் இந்தப் பக்கத்து ஆள், உங்களுக்கு விளங்கும். ஒருவருடைய அலுவல் முடிந்தது என்றால் ஆள் முடிந்துவிட்டார் என்றும் எடுக்கலாம், ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வெளியே விட்டார்கள் என்றும் எடுக்கலாம். பிணத்தையும் வீட்டைத்தான் கொண்டு போவார்கள். நான் ஒரு கோல் எடுத்துக் கேட்டிருக்கலாம். நிருஷன் முந்திவிடுவான் என்ற அவசரத்தில் ‘செவ்வாய்க்கிழமை இறைவனடி சேர்ந்தார்’ என்று நாளை நிரப்பி வெளியிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் என் வாழ்க்கையில் பார்த்ததில்லை. ஒரு மணித்தியாலத்தில் நாலாயிரம் பேர் பகிர்ந்தார்கள். முப்பத்தொரு ஒன்றியங்கள் இணைப்புக் கொடுத்தன. நிருஷன்கூட வெட்டி ஒட்டாமல், ‘விவரம் இங்கே’ என்று என் தளத்தைக் காட்டினான். பதினொரு மணிக்கு ‘வன்னி மரண அறிவித்தல்’ என்று தேடிப் பார்த்தேன். முதலாவது நான். ஏழு வருடத்தில் முதல் தடவை. தனியாக இருந்து அழுதேன், சந்தோஷத்தில்தான்.

பதினொன்றே காலுக்குத் தொலைபேசி அடித்தது.

“தம்பி சுதா, நான் மிசி கதைக்கிறன். நான் செத்துப்போனனாம், கேள்விப்பட்டனியோ?”

அவர் சிரித்தார். “செத்தது காரியமில்லை, வயசை ஏன் கூட்டினனி? எழுபத்தஞ்செண்டு போட்டிருக்கிறியாம், மேனுகா பார்த்திட்டுச் சொன்னவள். எனக்கு எழுபத்திமூண்டுதான். அதை முதல் திருத்து. கண்ணாடியை ஆஸ்பத்திரியிலை விட்டிட்டு வந்திட்டன், சனம் என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்கா வந்து வாசிச்சுக் காட்டு.”

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். அப்போது என் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்கவில்லை. கதைத்துச் சமாளிக்கலாம் என்றுதான் இருந்தேன்.

பன்னிரண்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். மேனுகா, அவருடைய தமையனின் மகள், மருந்து வாங்கப் பூநகரிக்குப் போயிருந்தாள். கதிரையை இழுத்துப் போட்டுப் பத்து அஞ்சலி வாசித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் அவரிடம் ஒரு கதை இருந்தது. நோர்வேயில் இருக்கிற யதுர்ஷிகா ‘ஷெல்லடிக்குள் என்னை உலகத்துக்குக் கொண்டு வந்த தாய்’ என்று எழுதியிருந்தாள். “அவள் கால் முன்னுக்கு வந்தவள், சரியான கரைச்சல் தந்தவள்” என்றார் மிசி. பிறகு என்னைப் பார்த்தார்.

“நீ கொடி சுத்திப் பிறந்தனி. நீலம் பாரிச்சுக் கிடந்தாய். கொம்மா செத்த பிள்ளையெண்டு குழறத் தொடங்கிட்டா. நான் காலிலை பிடிச்சுத் தலைகீழாத் தூக்கி ரெண்டு அடி போட்டன். அதுக்குப் பிறகுதான் மூச்சு விட்டனி.”

கண்ணைத் துடைத்துக்கொண்டார். “மூண்டு கிழமையா ஆஸ்பத்திரியிலை கிடந்தன், ஒருத்தரும் ஒரு கோல் எடுக்கேல்லை. இப்ப பார், நாலாயிரம் பேர்.”

அவர் மனம் நிறைந்திருந்த நேரம் பார்த்துக் கேட்டேன். “மிசி, வியாழன் வரைக்கும் இப்பிடியே பேசாமல் இருங்கோவன். அதுக்குள்ளை என்ரை தளம் அந்த இடத்திலை ஊண்டியிடும்.”

“விசரே உனக்கு? கனடாவிலை தங்கச்சி ரிக்கெற் போடப்போறாளாம். நானும் அடிச்சுப் பார்க்கிறன், எந்த நேரமும் எங்கேஜ். என்ரை செத்தவீட்டைப் பற்றித்தான் கதைச்சுக்கொண்டிருக்கிறாளாக்கும். மேனுகா ஒண்டரைக்கு வந்திடுவாள். அவளைக் கொண்டு பேஸ்புக்கிலை லைவ் போட்டு, நான் உயிரோடை இருக்கிறன் எண்டு சொல்லப்போறன்.” என் கையைப் பிடித்தார். “உன்னை விட்டுக்குடுக்க மாட்டன், பயப்பிடாதை. பெடியன் பிழை விட்டிட்டான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு நானே சொல்லுவன்.”

அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் யோசித்துப் பாருங்கள். நாலாயிரம் பேருக்கு முன்னால், செத்தவரே வந்து, நான் பொய் எழுதினேன் என்று சொல்லி எனக்காக மன்னிப்புக் கேட்பது. ஒன்றியங்கள் ஒவ்வொன்றாக இணைப்பைக் கழற்றும். அதன் பிறகு ‘விடைபெற்றோர்’ போடுகிற எந்தச் சாவையும் யாரும் நம்பமாட்டார்கள். இதை நினைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன். நாட்காட்டியில் செவ்வாய்க்கிழமை கிழிக்கப்படாமல் இருந்தது. அறிவித்தலில் நேரம் இல்லை, நாள்தான் இருக்கிறது. நாள் முடிய இன்னும் பதினொரு மணித்தியாலத்துக்கு மேல் கிடந்தது.

தலையணையை எடுத்து முகத்தில் வைத்து அழுத்தினேன். மூச்சுக் குறைந்த ஆள், கெதியில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டது என் பிழை. ஆயிரம் பிள்ளைகளை இழுத்தெடுத்த கை அது. என் வலது சுட்டுவிரலைப் பிடித்துப் பின்னுக்கு மடித்தார், முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. தலையணை விழுந்தது. அவர் கட்டிலால் சரிந்து குசினிப் பக்கம் தவழ்ந்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, விடடா, நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்” என்றார். சொல்லியிருக்கமாட்டார் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் மேனுகாவுக்கும் றஜித்துக்கும் அவர் உயிரோடு வந்தது தெரியும், அவர்கள் வாயை மூட முடியாது. வந்தவர் அன்றைக்கே போய்விட்டார் என்றால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அவர் பேசாமல் இருப்பது போதாது.

குசினியில் அம்மி இருந்தது. குழவியை இடது கையாலும் வலது உள்ளங்கையாலும் தூக்கினேன். தலையில் இரண்டு அடி. முதலாவதில் என்னைத் திரும்பிப் பார்த்தார். இரண்டாவதற்குப் பிறகு பார்க்கவில்லை. அவர் எனக்குப் போட்டதும் இரண்டுதான்.

கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சீமெந்துக் கட்டோடு தலை படும்படி கிடத்தினேன். வாளியால் தண்ணீர் ஊற்றி, பாசியில் வழுக்கி விழுந்த மாதிரி ஆக்கினேன். நிலத்தையும் குழவியையும் கழுவி வைத்தேன். பன்னிரண்டு ஐம்பதுக்குப் படலையைச் சாத்திவிட்டு வெளிக்கிட்டேன். சந்தியில் நிறுத்தி, இடது கையால் தொலைபேசியை எடுத்து, வயதை எழுபத்துமூன்று என்று திருத்தினேன். அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

குழவி ஈரமாக இருப்பதை மேனுகா கண்டுவிட்டாள் என்று சொன்னீர்கள். மூன்று கிழமையாக யாரும் அரைக்காத அம்மி. கெட்டிக்காரப் பிள்ளை. நீங்களும் வந்தவுடன் என் விரலைத்தான் பார்த்தீர்கள்.

சரி, நான் செய்தேன். நிருஷனின் காலையும் மிசியின் உயிரையும் எழுதுங்கள், எங்கே வேண்டுமோ அங்கே கையெழுத்து வைக்கிறேன். ஆனால் கடைசிப் பக்கத்தில், பொய்யான மரண அறிவித்தல் வெளியிட்டேன் என்று தம்பி ஒரு வரி எழுதியிருக்கிறார். அதை மட்டும் தயவுசெய்து வெட்டிவிடுங்கள், ஐயா. செவ்வாய்க்கிழமை என்று போட்டேன், செவ்வாய்க்கிழமைதான் இறந்தார். என் தளத்தில் இன்றுவரை ஒரு பொய்கூட வந்ததில்லை.