குடைப் பாட்டின் விசில்

இந்த ரூம்ல எதிரொலி ஜாஸ்தி சார். நீங்க கேக்குற கேள்வி சுவத்துல முட்டித் திரும்பவும் ஒரு தடவை என் காதுக்கு வருது. பின்னாடி சுவத்துல ஒரு பழைய கம்பளத்தை மாட்டிப் பாருங்க, குரல் அடங்கி சுத்தமா கேக்கும். குத்தம் சொல்லலை, என் பொழைப்பு அது. ரேடியோ ஸ்டேஷன்ல ஒலிப்பதிவாளர். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் பேசுறவங்க. நான் மைக்கைத் திறந்தாத்தான் அவங்க பேசுறது ஊருக்குக் கேக்கும். மூடிட்டா வெறும் வாயசைப்புதான்.

எல்லாத்தையும் சொல்றேன். மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? ஆனா வரிசையா சொல்லணும், நடுவுல குறுக்கிடாதீங்க. பாட்டையும் சரி, பேச்சையும் சரி, பாதியில வெட்டினா எனக்கு ஆகாது.

எங்க மேனேஜருக்கு ஒரு நாள் திடீர்னு ஞானோதயம் வந்துச்சு. நம்ம தலைமுறையோட பாட்டு எது, ஜனங்களே சொல்லட்டும்னாரு. தலைமுறையாம் தலைமுறை. ஒரே வருஷத்துல பொறந்ததைத் தவிர இவங்களுக்குள்ள என்ன சார் ஒத்துமை? பக்கத்து வீட்டுக்காரன் சுவத்துல ஆணி அடிச்சா சண்டைக்குப் போறவங்க, பாட்டுன்னதும் நாங்க எல்லாம் ஒண்ணுன்னு கண்ணைத் துடைச்சுக்கிறாங்க. லைன்ல வந்து அழுதாங்க சார். இந்தப் பாட்டு வந்தப்பதான் நான் பஸ்ல அவளைப் பார்த்தேன், இந்தப் பாட்டு வந்தப்பதான் எங்கப்பா வண்டி வாங்கினாருன்னு. உங்கப்பா வண்டி வாங்கினதுக்கும் பாட்டோட தரத்துக்கும் என்னய்யா சம்பந்தம்? நான் கேக்கலை. மைக்கைத் திறந்து விட்டேன், அழுது முடிச்சதும் மூடினேன்.

வாரா வாரம் ஓட்டுப் போட்டுப் போட்டு, கடைசியில ரெண்டு பாட்டு மிஞ்சுச்சு. ஒண்ணு லிஃப்ட் பாட்டு. உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும், தெரியாத ஆள் யாரு. ஒருத்தனும் ஒருத்தியும் லிஃப்ட்ல மாட்டிக்குவாங்க, கதவைத் தொற கதவைத் தொறன்னு ஒரு கூட்டம் கத்தும், நடுநடுவுல மணி அடிக்கும். அவ்வளவுதான் பாட்டு. அதுல சங்கீதம் எங்க இருக்குன்னு பூதக்கண்ணாடி வச்சுத்தான் தேடணும். இன்னொண்ணு குடைப் பாட்டு. மழை விட்டப்புறமும் குடையை மடக்காம நடந்து போற ஒருத்தனைப் பத்தினது. ஆரம்பத்துல ஒரு விசில் வரும். தனியா, வேற எந்த வாத்தியமும் இல்லாம, ஒரு மூச்சுல போயி ஒரு மூச்சுல திரும்பி வரும். அந்த விசில் இல்லைன்னா அந்தப் பாட்டே இல்லை.

அந்த விசில் நான் அடிச்சது சார்.

அப்ப நான் ரெக்கார்டிங் ஸ்டூடியோவுல ஒயர் சுத்தி வைக்கிற வேலையில இருந்தேன். புல்லாங்குழல்காரர் அன்னைக்கு வரலை. இசையமைப்பாளர் தலையில கைய வச்சு உக்காந்துட்டாரு. யாருக்காவது விசில் வருமாய்யான்னு பொதுவா கேட்டாரு. நான் ஒயரைக் கீழ வச்சுட்டு அடிச்சேன். முதல் தடவையே ஓகே. ஆனா கேசட் அட்டையில புல்லாங்குழல்காரர் பேரு ஏற்கெனவே அச்சாயிடுச்சு, யாரும் மாத்தலை. அட்டையில இருக்குறதுதானே உலகத்துக்கு நிஜம்.

சொல்லிப் பார்க்காம இல்லை. சொன்னா, எங்க அடிச்சுக் காட்டுன்னாங்க. அதுக்குள்ள எனக்கு முன்பல்லு போயிடுச்சு, பைக்குல இருந்து விழுந்து. கட்டின பல்லுல வெறும் காத்துதான் வரும், புஸ்ஸுனு. எங்க அக்கா வீட்டுல ஒரு விசேஷத்துல நான் அடிச்சுக் காட்டப் போக, அத்தான் சொன்னாரு, மாப்ளே, மூணாவது விசில், அடுப்பை அணைச்சுடலாமான்னு. சபையே விழுந்து விழுந்து சிரிச்சுது. அன்னையிலேர்ந்து நான் குக்கர். அக்கா பொண்ணு என்னைக் கூப்பிடுறதே குக்கர் மாமான்னுதான். சின்னப் பொண்ணா இருந்தப்ப தெரியாம கூப்பிட்டா, இப்ப காலேஜ் போறா, இன்னும் குக்கர் மாமா.

அத்தான் யாருன்னு உங்களுக்குத் தெரியும். பேப்பர்ல பாட்டைப் பத்தி எழுதுவாரு. எந்தப் பாட்டுக்கு என்ன ராகம், எதுல எது திருடினதுன்னு எழுதி எழுதி ஜனங்க அவருக்குப் பாட்டு டாக்டர்னு பட்டமே குடுத்துட்டாங்க. அவருக்கு ஒரு சுருதிப் பெட்டியை எந்தப் பக்கம் திறக்கணும்னு தெரியாது சார். ஆனா எழுத்து வந்துச்சு, சிரிக்க வைக்கத் தெரிஞ்சுச்சு. அது போதும் இந்த ஊருக்கு. கடைசி ரவுண்டுக்கு ரெண்டு பாட்டைப் பத்தியும் பேச அவரைத்தான் கூப்பிட்டாங்க. அவர் எதைச் சொல்றாரோ அதுக்குத்தான் ஓட்டு விழும்னு மேனேஜர்லேர்ந்து வாட்ச்மேன் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும்.

நான் கேட்டேன். வாயை விட்டே கேட்டேன். ஒரு சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில, அத்தான், பேசும்போது அந்த விசிலைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுங்க, என் பேரைச் சொல்லுங்க, நீங்க சொன்னா நம்புவாங்கன்னேன். எனக்கு அதைக் கேக்கவே கூச்சமா இருந்துச்சு. அவர் அப்பளத்தை நொறுக்கிக்கிட்டே சொன்னாரு, குக்கரைப் பத்தியா, பாக்கலாம் மாப்ளேன்னு. பொண்ணு சிரிச்சா. அக்கா அவரை முறைச்சா, ஆனா அவ உதட்டுலயும் சிரிப்பு. அடுத்த வாரம் பேப்பர்ல எழுதுறாரு, இந்தத் தலைமுறை மனசுல நிக்கப்போறது லிஃப்ட் பாட்டுதான்னு. குடைப் பாட்டு கேட்டா கொட்டாவி வருதாம்.

இதுக்கு மேல ஒரு மனுஷன் என்ன சார் பண்ணணும், சொல்லுங்க.

கடைசி ரவுண்டு அன்னைக்குக் காலையில அக்கா போன் பண்ணினா. ரேடியோவைக் கவனமா கேளுடா, அவர் பேசுறதை ஒரு வார்த்தை விடாம கேளுன்னா. ரேடியோவை ஓட்டுறவனே நான், என்கிட்ட கேளுங்கிறா. அவ குரல்ல ஒரு குறுகுறுப்பு. எனக்குப் புரிஞ்சுது. ஊர் முன்னாடி என் பாட்டை அவர் கிழிக்கிறதை நான் உக்காந்து கேக்கணும். நல்ல குடும்பம்.

நான் சீக்கிரமே போயிட்டேன். ஞாயித்துக்கிழமை, ஸ்டேஷன்ல ஆள் கிடையாது. அறிவிப்பாளர் பொண்ணு, மேனேஜர் எல்லாரும் வணிக வளாகத்துல மேடை போட்டு ஜனங்களோட நின்னாங்க. அத்தான் மட்டும் ஸ்டேஷன்ல, பேச்சு ரூம்லேர்ந்து பேசணும். மேடை இரைச்சல்ல அவர் குரல் கெட்டுடும்னு அந்த யோசனையைக் குடுத்தது நான்தான். அது ஒரு தப்பா?

பேச்சு ரூம் சின்னது. ஜன்னல் கிடையாது, மூணு பக்கமும் கம்பளம், ஒரு பக்கம் கண்ணாடி. கம்பளம் நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி மாட்டினது, தட்டினதே கிடையாது. அன்னைக்குக் கழட்டித் தட்டினேன். வெளியில கொண்டு போகலை, உள்ளேயே வச்சுத் தட்டினேன். சுத்தம் பண்றது நல்ல விஷயம்தானே. தூசி கண்ணுக்குத் தெரியாம அடங்கினதும் திரும்ப மாட்டினேன். அத்தானுக்குத் தூசி ஆகாதுன்னு எனக்குத் தெரியுமான்னு கேக்குறீங்க. அக்கா போர்வை உதறணும்னாக் கூட மொட்டை மாடிக்குத்தான் போவா. தெரியாம எப்படி இருக்கும்?

அந்தக் கதவோட உள்பக்கக் கைப்பிடி ரொம்ப நாளா ஆடிக்கிட்டிருந்துச்சு. சரி பண்ணு சரி பண்ணுன்னு எல்லாரும் சொன்னாங்க. அன்னைக்கு அதோட திருகாணியைக் கழட்டினேன்.

அத்தான் நல்ல சட்டை போட்டுக்கிட்டு வந்தாரு. கையில எப்பவும்போல ஆஸ்துமாவுக்கு இழுக்குற அந்த மூச்சுப் பம்பு. எங்க ஸ்டேஷன்ல ஒரு வழக்கம் இருக்கு, சாவி, போன், பேனா, சத்தம் போடுற எதுவும் பேச்சு ரூமுக்குள்ள போகக் கூடாது. வெளியில ஒரு தட்டு இருக்கும், அதுல வச்சுட்டுத்தான் போகணும். அவர் பம்பைக் காட்டி, இதுவுமான்னாரு. டக்குடக்குன்னு கேக்கும் அத்தான், நேரடி ஒலிபரப்புன்னேன். உன் ராஜ்யம் மாப்ளேன்னு சிரிச்சுட்டு வச்சுட்டாரு. என் தோளைத் தட்டினாரு. அந்தத் தோள் தட்டல்தான் சார் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

லிஃப்ட் பாட்டு முதல்ல. பாட்டு ஓடும்போது பேச்சு ரூம் மைக் மூடித்தான் இருக்கும், பாட்டு முடிஞ்சுதான் திறப்பேன். அவர் உள்ள உக்காந்து என்னைப் பார்த்து ஏதோ பேசிக்கிட்டிருந்தாரு. கையை ஆட்டி ஆட்டி, சிரிச்சுச் சிரிச்சு. எனக்குக் கேக்காதுன்னு அவருக்குத் தெரியும். திட்டிப் பழகுறாருன்னு நினைச்சேன். அப்புறம் உதட்டைக் குவிச்சாரு. விசில் அடிச்சுக் காட்டுறாரு சார், என் முகத்தைப் பார்த்து. கேலிக்கும் ஒரு அளவு இல்லையா?

அப்பதான் இருமல் வந்துச்சு.

முதல்ல சட்டைக் கழுத்தைத் தளர்த்தினாரு. அப்புறம் கதவுக்குப் போனாரு, கைப்பிடி கையோட வந்துடுச்சு. திரும்பி வந்து கண்ணாடியைத் தட்டினாரு. எனக்குக் காதுல பாட்டு, கதவைத் தொற கதவைத் தொறன்னு ஜனங்களுக்குப் பிடிச்ச வரி. நான் உதட்டுல விரலை வச்சுக் காட்டினேன். ஒலிபரப்பு ஓடுதுன்னு சிவப்பு விளக்கு எரியும்போது எல்லாருக்கும் காட்டுறதுதான் அது. வேலையில நான் ஆள் பார்த்து நடந்துக்கிறதில்லை.

பாட்டு முடிஞ்சப்ப அவருக்கு உயிர் இருந்துச்சு. உண்மையைச் சொல்றேன், அப்ப நான் எழுந்தேன். கதவைத் திறக்கத்தான் எழுந்தேன்னு வச்சுக்குங்களேன். அப்ப மேடையிலேர்ந்து அறிவிப்பாளர் பொண்ணு லைன்ல கத்துறா, மக்கள் ஒன்ஸ்மோர் கேக்குறாங்க, ஒன்ஸ்மோர்னு. பின்னாடி கூட்டமே கத்துது. உக்காந்தேன். திரும்பப் போட்டேன். ஜனங்க கேட்டதைக் குடுக்கத்தானே சார் எனக்குச் சம்பளம்.

ரெண்டாவது தடவை முடிஞ்சதும் நானே போய்க் கதவைத் திறந்தேன். வெளியிலேர்ந்து லேசாத் திறக்கும். கைப்பிடியை மாட்டினேன், பம்பை அவர் கையில வச்சேன், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். எல்லாரும் எனக்குத்தான் ஆறுதல் சொன்னாங்க. அக்கா வீட்டுல அவ பக்கத்துலயே உக்காந்திருந்தேன். அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டுத் திரும்பத் திரும்ப ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. சொல்லிட்டாராடா, சொல்லிட்டாராடான்னு. என்ன சொல்றான்னு எனக்குப் புரியலை. பேசவே வாய்ப்பு வரலைக்கான்னேன். அதைக் கேட்டதும்தான் அவ உடைஞ்சு அழுதா.

என் தப்பு ஒண்ணே ஒண்ணு, அதுவும் தொழில் தப்பு. பழைய மெஷின்ல மைக்கை மூடினா பதிவும் நின்னுடும். போன மாசம் வந்த புது மெஷின் அப்படி இல்லை. மைக் மூடியிருந்தாலும் உள்ள பேசுறதைத் தனியா பதிஞ்சு வச்சுக்கும். அதை எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க, நான்தான் காதுல வாங்கிக்கலை. இத்தனை வருஷம் கை பழகினது பழகினதுதான்.

நீங்க அதை இப்பப் போட்டீங்க. கேட்டேன். நேயர்களே, லிஃப்ட் பாட்டு கொண்டாட்டம், ஆடிட்டு விட்டுடுவோம், என் ஓட்டு குடைப் பாட்டுக்குன்னு ஒத்திகை பார்க்குறாரு. என் பொண்டாட்டி தம்பியைக் கொஞ்சம் கடுப்பேத்தத்தான் பேப்பர்ல மாத்தி எழுதினேங்கிறாரு. புல்லாங்குழல்காரரைத் தேடிப் போயிருக்காரு சார். நான் அன்னைக்கு ஸ்டூடியோவுக்கே போகலை, அது யாரோ ஒரு பையன் அடிச்சதுன்னு அவர் ஒத்துக்கிட்டாராம். அந்தப் பையன் இதோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்து என்னை முறைக்கிறான்னு சொல்லிச் சிரிக்கிறாரு. என் பேரைச் சொல்றாரு. இனிஷியலோட சொல்றாரு. அப்புறம் அந்த விசிலை அடிக்கப் பார்க்குறாரு, வரலை. இதை எப்படித்தான்டா அடிச்சேங்கிறாரு.

அக்கா சிரிச்சதுக்கும், அக்கா கேட்டதுக்கும் இப்ப அர்த்தம் தெரியுது. தெரிஞ்சு என்ன? முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. ஒளிச்சு வச்சு விளையாடுற விஷயமா இது?

எழுதிக்கங்க. நான்தான் செஞ்சேன். கம்பளம் நான், கைப்பிடி நான், பம்பு நான். ஒன்ஸ்மோர் மட்டும் ஜனங்க.

ஒரே ஒரு விஷயம் சார். இந்தப் பதிவைக் கோர்ட்டுல போடுவீங்கள்ல? பேப்பர்காரங்க வருவாங்க, நிறைய பேர் கேப்பாங்க. என் பேரு வர்ற இடத்துல சத்தத்தைக் கொஞ்சம் ஏத்தி வைங்க. அதோட நிறுத்திடுங்க, அதுக்கப்புறம் வெறும் இருமல்தான்.