தட்டில் வைக்க ஓர் ஆசிலாஸ்கோப்

காமினி: பரிசத் தட்டுல எனக்கு ஒரு ஆசிலாஸ்கோப் வேணும்.

யுகேந்திரன்: என்னது?

காமினி: ஆசிலாஸ்கோப்.

ஜெயலெட்சுமி: தம்பி, அது என்னடா... காதுல போடுறதா, கழுத்துல போடுறதா?

காமினி: மேசை மேல வைக்கிறது அக்கா. கரண்ட் எப்படி ஏறி எறங்குதுன்னு ஸ்க்ரீன்ல கோடு கோடாக் காட்டும்.

யுகேந்திரன்: ஆஸ்பத்திரியில நெஞ்சுக்கு ஒயர் மாட்டி ஒரு மெஷின்ல காட்டுவாங்களே அக்கா, அதுமாதிரிலா.

ஜெயலெட்சுமி: ஐயய்யோ! நல்ல காரியத்துக்கு நெஞ்சுவலி மெஷினா?

காமினி: நெஞ்சுவலி சர்க்கியூட்டுக்குத்தான். நான் வீட்டுல ஆம்ப்ளிஃபயர் செய்றேன்ல... அதுக்கு.

ஜெயலெட்சுமி: காமினி, கோவிச்சுக்காதே. பரிசம் அடுத்த மாசம். எங்க வீட்டுல என்ன வைக்கிறோமோ அதைப் பொண்ணு வாங்கிக்கணும். இப்படி நாசி கண்டார் சோத்துக் கடையில உக்காந்துக்கிட்டு, மாப்பிள்ளைகிட்டயும் மாப்பிள்ளையோட அக்காகிட்டயும் வாயைத் திறந்து கேக்கக் கூடாது. உங்கம்மா சொல்லலையா?

காமினி: சொன்னாங்க. லிஃப்டு கதவு மூடுற வரைக்கும் சொன்னாங்க.

ஜெயலெட்சுமி: அப்புறம்?

காமினி: கதவு மூடிருச்சு.

யுகேந்திரன்: ஹா... ஹா... விடுக்கா.

ஜெயலெட்சுமி: சிரிக்காதடா. பூத்தட்டு, பழத்தட்டு, சேலைத்தட்டுன்னு ஒத்தப்படையில வர்ற மாதிரி பார்த்துப் பார்த்து வச்சிருக்கேன். இதையும் சேர்த்தா ரெட்டைப்படை ஆயிரும்.

காமினி: மிட்டாய்த் தட்டை எடுத்துருங்க. எங்க வீட்டுல எல்லாருக்கும் இனிப்பு நீர் வியாதி.

ஜெயலெட்சுமி: அந்த மெஷின்... கருப்பா இருக்குமோ? கருப்புச் சாமான் தட்டுல வைக்க மாட்டோம்.

காமினி: வெள்ளையிலயும் வருது.

ஜெயலெட்சுமி: ரிப்பன் கட்டலாமா?

யுகேந்திரன்: அக்கா!

ஜெயலெட்சுமி: சும்மா கேக்குறேன்லா.

யுகேந்திரன்: இருங்க, போன்ல பார்க்குறேன்... ஆங், இந்தா! இருநூறு மெகாஹெர்ட்ஸ், பெரிய ஸ்க்ரீன், விலை ஆயிரம் வெள்ளிகூட இல்ல. முடிஞ்சுது கதை.

காமினி: எத்தனை பிட்?

யுகேந்திரன்: பிட்டா... எட்டு.

காமினி: வேணாம். பன்னெண்டு பிட் பாருங்க.

யுகேந்திரன்: இதுவா? எழுபது மெகாஹெர்ட்ஸ்தான், விலை டபுள்! எழுபது பெருசா, இருநூறு பெருசா?

காமினி: கார் விக்கிறவர் மாதிரியே பேசுறீங்க.

யுகேந்திரன்: கார்தானே விக்கிறேன்.

காமினி: நான் பார்க்கப் போறது பாட்டுச் சத்தம். அதுக்கு எழுபதே ஏகப்பட்டது. கடல் பாலத்துல ஜாம் நிக்கும்போது இருநூறுல பறக்குற கார் எதுக்கு?

ஜெயலெட்சுமி: அது சரிதான். பிட்டுன்னா என்னம்மா?

காமினி: இந்த தேத்தண்ணி கிளாஸ் இருக்குல்ல? இதோட உயரத்தை எட்டு பிட் எரநூத்தம்பத்தாறு படியாப் பிரிச்சுப் பார்க்கும். பன்னெண்டு பிட் நாலாயிரத்துக்கு மேல பிரிக்கும். ஆம்ப்ளிஃபயர்ல இருந்து வர்ற அலை பார்க்க வழவழன்னு இருக்கும். நடுவுல முடி மாதிரி ஒரு மடிப்பு இருக்கும். பாட்டைக் கெடுக்குறதே அதுதான். எட்டு பிட்டுல பார்த்தா அந்த மடிப்பு ரெண்டு படிக்கு நடுவுல ஒளிஞ்சுக்கும். நாமளும் ஆஹா, நல்ல அலைன்னு நம்பிருவோம்.

யுகேந்திரன்: இங்க பாரு, இங்க பாரு! எட்டு பிட் விலைதான், ஆனா 'ஹை ரெசொல்யூஷன் மோட்ல பன்னெண்டு பிட்'னு போட்டிருக்கான்!

காமினி: கீழ சின்ன எழுத்துல?

யுகேந்திரன்: ...'ஆவரேஜிங்'னு இருக்கு.

காமினி: நெறைய தடவை அளந்து, சராசரி எடுத்து வழிச்சு விடும். கொஞ்சம் உதவும்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா உள்ள இருக்குற கண்ணு கோணலா இருந்தா, அந்தக் கோணல் போகாது.

ஜெயலெட்சுமி: மூஞ்சிக்குப் பவுடர் அடிச்ச மாதிரி.

காமினி: அதே அதே!

யுகேந்திரன்: சரி, ரெண்டு பேரும் ஒன்னு சேந்துட்டீங்க. பன்னெண்டே வாங்குவோம். ஆனா விசிறி சத்தமா இருக்காம், வாங்குனவன் ஒருத்தன் எழுதியிருக்கான். பரவாயில்லையா?

ஜெயலெட்சுமி: உன் குறட்டைக்கு அது தேவலைடா.

காமினி: அதை எங்க வைக்கிறது?

யுகேந்திரன்: ம்?

காமினி: கல்யாணத்துக்கு அப்புறம் நாம இருக்கப் போற செபராங் ஜெயா வீட்டுல. மாடி ரூம்ல எனக்கு மேசை போட்டுத் தர்றேன்னு சொன்னீங்க.

யுகேந்திரன்: ஆ... போடலாம்லா. பார்க்கலாம். கோழி எடுத்துக்க, ஆறுது.

ஜெயலெட்சுமி: என்னத்தைப் பார்க்குறது? போட்டுக் குடுடா. வேலைய விட்டுட்டு வீட்டுல இருக்கப் போற பொண்ணு, பொழுது போக வேணாமா?

யுகேந்திரன்: அக்கா... தே குடி.

காமினி: யாரு அக்கா வேலைய விடுறது?

ஜெயலெட்சுமி: நீதாம்மா. தீபாவளியோட நின்னுக்குறேன்னு நீ ஒத்துக்கிட்டதா... டேய், யுகேந்திரா?

யுகேந்திரன்: அது வந்து... அங்க இருந்து வேலைக்கு தினமும் கடல் பாலம் தாண்டி பாயான் லெப்பாஸ் வரைக்கும் போகணும். நீ கஷ்டப்படுவேன்னு...

காமினி: என்கிட்ட எப்பக் கேட்டீங்க?

யுகேந்திரன்: கேக்கலாம்னுதான் இருந்தேன்.

காமினி: என் மேனேஜர் இக்மல்கிட்ட மட்டும் முன்னாடியே சொல்லிட்டீங்க.

யுகேந்திரன்: இக்மல்கிட்டயா? எப்ப?

காமினி: சனிக்கிழமை ஃபுட்சால் ஆடி முடிச்சு, தண்ணி குடிச்சுக்கிட்டே.

ஜெயலெட்சுமி: அடப்பாவி!

யுகேந்திரன்: சும்மா பேச்சு வாக்குலதான்... ஃப்ரெண்டாச்சேன்னு...

காமினி: எங்க கம்பெனி டெஸ்ட் லேப் வேலைக்கு என் பேர்தான் மொதல்ல இருந்துச்சு. வேற ஆளைப் போட்டுட்டாங்க. ஏன்னு கேக்கப் போனா, இக்மல் சிரிச்சுக்கிட்டே 'தஹ்னியா'ன்னு வாழ்த்துச் சொல்றாரு. கல்யாணம் பண்ணிக்கிட்டு வீட்டுல உக்காரப் போறேனாம்! எங்க வீட்டுல டிகிரி வாங்குன மொத ஆள் நான். நீங்க தண்ணி போத்தலுக்கு மூடி போடுற நேரத்துல அதை முடிச்சு வச்சுட்டீங்க.

யுகேந்திரன்: தப்புதான். நான் இக்மல்கிட்ட பேசுறேன். இப்பவே போன் போடுறேன், இரு.

காமினி: மறுபடியும் நீங்களா? வையுங்க போனை. நான் எங்கயும் போகலைன்னு நானே சொல்லிட்டேன்.

ஜெயலெட்சுமி: அவனுக்கு அறிவு இல்லம்மா. எங்கிட்டயும் பொய் சொல்லியிருக்கான் பாரு. வீட்டுக்கு வரட்டும், நான் பார்த்துக்குறேன். நீ சாப்பிடு.

காமினி: கடைக்கார அண்ணே! இந்தக் கோழியைத் தாப்பாவ் பண்ணிருங்க, கட்டிக் குடுங்க. குழம்பு தனியா!

ஜெயலெட்சுமி: எதுக்கும்மா எந்திரிக்கிற? உக்காரு, பேசிக்கலாம்.

யுகேந்திரன்: காமினி, பன்னெண்டு பிட்டே வைக்கிறேன். வெள்ளைக் கலர். ரிப்பன்கூடக் கட்டுறேன்லா!

காமினி: அது ரெண்டு வாரமா எங்க வீட்டு மேசையில ஓடிக்கிட்டிருக்கு.

யுகேந்திரன்: வாங்கிட்டியா?

காமினி: என் சம்பளத்துல. விசிறிச் சத்தம் பழகிருச்சு.

ஜெயலெட்சுமி: அப்புறம் எதுக்கும்மா தட்டுல வேணும்னு கேட்ட?

காமினி: தட்டும் வேணாம், கல்யாணமும் வேணாம்னு வீட்டுல சொல்லிட்டுத்தான் அக்கா கிளம்புனேன். லிஃப்டு மூடுற வரைக்கும் அம்மா கெஞ்சுனது அதுக்குத்தான். ஆனா இக்மல் சொன்னதை மட்டும் வச்சு வேணாம்னா, எட்டு பிட்டுல பார்த்த மாதிரி ஆயிரும்ல? மேசையைப் பத்திக் கேட்டா, வேலை விஷயத்தை இவரே சொல்லிருவாரான்னு கிட்ட வந்து ஒரு தடவை பார்த்தேன். கோழி எடுத்துக்கச் சொன்னாரு. எடுத்துக்கிட்டேன். போயிட்டு வர்றேன்னு சொல்ல மாட்டேன் அக்கா... போறேன்.