முழங்கை வளைவில் கேட்டது

காணாமல் போன இளம்பெண் தொடர்பாக, அழைப்பு ஏதும் இல்லாமல் தானாகவே நிலையத்துக்கு வந்த சாட்சி திங்கட்கிழமை மாலை கொடுத்த வாக்குமூலம்.

பெயரும் தகப்பனார் பெயரும் மேல் தாளில் உள்ளபடி. வயது ஐம்பத்து மூன்று. தொழில் லிஃப்ட் மெக்கானிக். குடியிருப்பு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள பழைய நான்கு மாடிக் கட்டடத்தின் மேல் மாடி. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. சிரிக்க வேண்டாம், தெரிந்தவர்கள் எல்லோரும் சிரித்தாயிற்று.

நான் மேற்படி முகவரியில் என் மகளுடன் வசித்து வருகிறேன். மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். என் மனைவி ஏழு வருடங்களுக்கு முன் மலைப்பாதையில் காணாமல் போனவள். அது சம்பந்தமாக இதே அறையில் என்னைப் பல நாள் உட்காரவைத்து விசாரித்தார்கள். பெண்டாட்டியைக் காணோம் என்றால் முதலில் புருஷனைத்தான் கேட்பார்கள் என்பது எனக்கும் தெரியும், ஆனால் அதில் வருத்தமில்லை என்று சொன்னால் பொய். நாற்காலி அதே நாற்காலிதான், மின்விசிறி மட்டும் புதிது. இங்கே வர எனக்குப் பிரியம் கிடையாது. வந்திருக்கிறேன் என்றால் விஷயம் அவசரம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் மேற்குச் சரிவில் தேடிக்கொண்டிருக்கும் பெண் அங்கே இல்லை. கிழக்குப் பக்கப் பாதையில், முழங்கை என்று நாங்கள் சொல்லும் வளைவுக்குக் கீழே இருக்கிறார். உடனே ஆள் அனுப்ப வேண்டும். எதையும் வரிசையாகச் சொன்னால்தான் மேலிடத்தில் கேட்டு ஆட்களை மாற்ற முடியும் என்று அதிகாரி சொன்னார். ஆகவே வரிசையாகச் சொல்கிறேன்.

என் மனைவியின் அண்ணன், நான் மச்சான் என்று கூப்பிடுபவர், பல வருடங்களாக ஆட்களைச் சேர்த்துக்கொண்டு இரண்டு நாள், மூன்று நாள் என்று மலையில் நடக்கிறவர். கல்யாணமான புதிதில் நானும் அதில் சேர்ந்தேன். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பனி இறங்கினால், முன்னால் போகிறவர் அவ்வப்போது நின்று "இருக்கீங்களா" என்று குரல் கொடுப்பார். ஒவ்வொருவராக "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். வரிசையின் கடைசியில் வருகிறவர் மட்டும் "கடைசி" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் வந்த பிறகுதான் முன்னவர் அடுத்த அடி வைப்பார். கடைசி ஆளின் கழுத்தில் விசில் தொங்கும். அவர் ஊதினால் எல்லோரும் நிற்க வேண்டும், ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது.

எப்போதும் என் மனைவிதான் கடைசியில் வருவாள். அவள் காணாமல் போன அன்று முழங்கை வளைவுக்குச் சற்று முன்னால், "நீங்க போங்க, லேஸைக் கட்டிட்டு வந்துடுறேன்" என்றாள். நாங்கள் போனோம். வளைவைத் தாண்டியதும் மச்சான் குரல் கொடுத்தார். எல்லோரும் "இருக்கேன்" என்றோம். "கடைசி" வரவில்லை. அதன் பிறகு நடந்ததெல்லாம் உங்கள் பழைய கோப்பில் இருக்கிறது. ஒரு ஷூ கூடக் கிடைக்கவில்லை.

அதன் பிறகு நான் மலைக்குப் போவதை விட்டுவிட்டேன். இதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் சொல்லாவிட்டாலும் யாராவது சொல்வார்கள். வேலை முடிந்து வந்து கதவைத் திறந்ததும் "இருக்கியா" என்று கேட்பது என் பழக்கம். "இருக்கேன், எங்க போகப் போறேன்" என்று அடுப்படியிலிருந்து பதில் வரும். அவள் போன பிறகும் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பதிலும் வந்துகொண்டிருந்தது. வீட்டில் மட்டும் என்றால் பரவாயில்லை, லிஃப்ட் குழிக்குள்ளும் கேட்க ஆரம்பித்தது. மகள் பயந்துபோய் டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்தக் குரல் வந்தால் பதில் சொல்லாதீர்கள், திரும்பிப் பார்க்காதீர்கள், கையில் இருக்கிற வேலையைச் செய்யுங்கள், தானாக அடங்கிவிடும் என்றார். மகள் என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். டாக்டர் சொன்னபடியே குரல் அடங்கிப்போனது. நல்ல டாக்டர், அவர்மேல் எனக்குக் குறை இல்லை.

குரல் நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகு மச்சான் வீட்டுக்கு வந்தார். "மாப்ள, இப்படி வீட்டுக்குள்ளயே கெடந்தா துருப்பிடிச்சுப் போயிருவ. ஒரு தடவ அந்த வளைவைத் தாண்டிட்டா அப்புறம் அது வெறும் வளைவுதான்" என்றார். மகளும் போய்வரச் சொன்னாள். சரி என்று ஒப்புக்கொண்டேன்.

சென்ற சனிக்கிழமை காலை ஐந்து பேராகக் கிழக்குப் பாதையில் ஏறினோம். மச்சான், பள்ளி பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற டிரைவர், அவர் மனைவி, மருந்துக்கடைக்காரர், நான். என் பழைய ஷூவைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்துப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். பார்க்கப் புதுசு மாதிரிதான் இருந்தது. உள்ளே பசை காய்ந்து செத்துப்போனது எனக்குத் தெரியவில்லை. முதல் ஏற்றத்திலேயே வலது காலின் அடிப்பாகம் முன்பக்கம் வாயைப் பிளந்துவிட்டது. "ஆளு திரும்ப வந்துட்டாரு, ஷூதான் இன்னும் வரமாட்டேங்குது" என்றார் டிரைவர். பையில் கிடந்த கறுப்பு ஒயர் டேப்பைச் சுற்றிக் கட்டினேன். கொஞ்ச தூரம் தாங்கும், பிறகு பிய்ந்துபோகும், சப்பு சப்பென்று அடிக்கும். இதனால் நான் பின்தங்கிப்போனேன், வரிசையில் கடைசி ஆளாகிவிட்டேன். மச்சான் திரும்பி வந்து விசிலைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிவிட்டார்.

அதன் பிறகு மதியம் தாண்டி முழங்கை வளைவை நெருங்கும்போது பனி இறங்கியது. எனக்கு முன்னால் போன டிரைவர் மனைவியின் முதுகுப் பை மட்டும் தெரிந்தது. மச்சான் "இருக்கீங்களா" என்றார். வரிசையாகப் பதில் வந்தது. நான் "கடைசி" என்றேன். சொல்லி வாயை மூடியதும் எனக்குப் பின்னால் இடது பக்கம், கொஞ்சம் பள்ளத்திலிருந்து, ஒரு பெண் குரல் "இருக்கேன்" என்றது.

நான் திரும்பவில்லை. மகளுக்குச் செய்த சத்தியம் நினைவில் இருந்தது. கையில் இருக்கிற வேலையைச் செய்ய வேண்டும் என்று டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றினேன். சுற்றிவிட்டு நடந்தேன். வளைவைத் தாண்டியதும் மச்சான் மறுபடி குரல் கொடுத்தார். நான் "கடைசி" என்றேன். மறுபடி "இருக்கேன்" என்று கேட்டது. இந்தத் தடவை தம் கட்டிக் கத்துகிற மாதிரி இருந்தது, ஆனால் தூரமாகிவிட்டது. டிரைவர் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்து, "என்னண்ணே, மூஞ்சி வெளுத்துப்போச்சு" என்றார். ஷூதான்மா என்றேன். முன்னால் போனவர்கள் யாருக்கும் அந்தக் குரல் கேட்கவில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அதன் பிறகு யாரும் கூப்பிடாமலே மூன்றாவது தடவை கேட்டது. "நில்லுங்க" என்றது. அது கத்தலாக இல்லை. கூட நடந்து வருகிறவர்கள் சொல்வதுபோல் சாதாரணமாக இருந்தது. நான் நிற்கவில்லை. விசில் என் கழுத்தில்தான் இருந்தது.

சாயங்காலம் மலைமேல் ராத்தங்கும் குடிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். வளைவைத் தாண்டிட்டியே மாப்ள என்று மச்சான் முதுகில் தட்டினார். ஞாயிறு மறுபக்கமாக இறங்கி வீட்டுக்கு வந்தோம். எப்படி இருந்தது என்று மகள் கேட்டதற்கு, ஷூ போய்விட்டது என்று மட்டும் சொன்னேன்.

இன்று காலை வேலைக்குப் போனேன். ஓர் ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் பழுது. என்னோடு வேலை செய்பவரை நாங்கள் பல்லி என்று கூப்பிடுவோம், சுவரில் ஒட்டிக்கொண்டே ஏறிவிடுவார். எங்கள் தொழிலில் மேலே சுவிட்சைப் போடுவதற்கு முன் குழியைப் பார்த்து "இருக்கியா" என்று கத்துவோம். குழிக்குள்ளிருந்து எந்தக் குரல் வந்தாலும் சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். யார் குரல், எதற்கு என்று யோசிப்பதெல்லாம் பிறகுதான். இன்று நான் கத்தியதும் கீழிருந்து ஒரு பெண் குரல் ஏதோ சொன்னது. என் கை தானாக விலகிவிட்டது. பல்லி என் பின்னாலிருந்து வந்தார். "அண்ணே, நான் இங்கதான இருக்கேன். அது கீழ்மாடி கூட்டுற அம்மா. எதுக்கு நிப்பாட்டுனீங்க?" என்றார். "குரல் வந்துச்சுல்ல" என்றேன். அதைச் சொன்ன பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பல்லி தண்ணீர் கொடுத்தார். எனக்குப் பேச்சுக் கொடுப்பதற்காகச் செல்போனைப் பார்த்து இதையும் அதையும் வாசித்துக்கொண்டிருந்தவர், சனிக்கிழமை தனியாக மலைக்குப் போன ஒரு பெண்ணைக் காணவில்லை, அவருடைய ஸ்கூட்டர் மேற்கு அடிவாரத்தில் நிற்கிறது என்று வாசித்தார். மேற்குப் பாதைக்கும் எங்கள் பாதைக்கும் நடுவில் ஒரு கணவாய் இருக்கிறது. பனியில் அதில் திசை தவறினால் நேராக முழங்கைக்குக் கீழே வந்து விழ வேண்டியதுதான்.

நான் மச்சானுக்குப் போன் செய்தேன். அவர், "உனக்குக் குரல் கேக்குறது ஊருக்கே தெரியும். இப்பப் போயிச் சொன்னா பைத்தியம்பான். இல்லேன்னா பழைய கேஸைத் தோண்டி உன்னையே உள்ள வைப்பான். சும்மா கெட மாப்ள" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னவர் அல்ல. தங்கையைப் பறிகொடுத்த பிறகு மிச்சமிருப்பது நானும் மகளும்தான் என்று நினைக்கிறவர். அதன் பிறகு மகளுடைய கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "அது அம்மா குரலாப்பா, வேற குரலா?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். அவள் வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு வண்டிச் சாவியை எடுத்தாள். "தெரியலன்னா போய்த்தான ஆகணும்" என்றாள்.

அது பழையபடி நீங்களாக நினைத்துக்கொண்ட உங்கள் மனைவியின் குரல் அல்ல என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று அதிகாரி கேட்டதற்கு: என் மனைவி எவரையும் "நில்லுங்க" என்று சொன்னதே கிடையாது. காலில் முள் ஏறினாலும், "நீங்க போங்க, நான் வந்துடுவேன்" என்றுதான் சொல்வாள். தனக்காக ஒருவர் காத்து நிற்பது அவளுக்குப் பிடிக்காது. வீட்டில் கேட்ட குரலும் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. ஆகவே அது உயிரோடிருக்கும் வேறொருவருடைய குரல்.

எனக்கு மனநிலை சரியில்லை என்று எழுத வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். பழைய வழக்கைத் திறக்க வேண்டுமானால் திறந்துகொள்ளுங்கள். ஆனால் ஆள் அனுப்பிவிட்டு எழுதுங்கள். இரண்டு ராத்திரி போய்விட்டது. அந்த வளைவு எனக்குத் தெரியும், நான் காட்டுகிறேன். கையெழுத்தை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

குறிப்பு: சாட்சி மீட்புக் குழுவுடன் சென்றுவிட்டபடியால் மேற்கண்டதற்குக் கையொப்பம் பெறப்படவில்லை. புதன்கிழமை காலை நிலையத்துக்கு வந்து பின்வருமாறு கூடுதலாகச் சொன்னார்.

செவ்வாய் விடியும் நேரத்தில் அந்தப் பெண்ணை முழங்கை வளைவுக்குக் கீழே ஒரு பாறை விளிம்பில் கண்டோம். கால் முறிந்திருந்தது. படுக்கைப் பைக்குள் சுருண்டு கிடந்தார். உயிர் இருந்தது. மகளும் நானும் நேற்று மாலை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தோம். அவருடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நான் எழுந்து வந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன்.

இருக்கீங்களா என்று யாரோ கேட்டதாகவும், தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து இருக்கேன் என்று இரண்டு தடவை சொன்னதாகவும் அந்தப் பெண் சொன்னார். அதன் பிறகு நில்லுங்க என்று சொன்னீர்களே என்று கேட்டேன். "இல்லைங்க. சப்பு சப்புன்னு ஒரு சத்தம் தூரமாப் போயிட்டே இருந்துச்சு. நில்லுங்கன்னு சொல்லணும்னு நெனச்சேன், வாய் வரல" என்றார். நன்றாக யோசித்துச் சொல்லம்மா என்றேன். யோசித்துவிட்டு அதையே சொன்னார்.

காய்ச்சலில் சொன்னது மறந்திருக்கும் என்று அதிகாரி சொல்கிறார். இருக்கலாம். வழக்குக்கு அது தேவையில்லை, மூன்றாவது குரலைப் பற்றிய வரிகளை அடித்துவிடட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம் என்று சொன்னேன். என் மனைவி நில்லுங்க என்று சொன்னதே கிடையாது என்று நான் சொன்ன வரியும் அப்படியே இருக்கட்டும்.

மேலே உள்ளதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. என் மனைவி ஒரே ஒரு தடவை நிற்கச் சொன்னாள், நான் நிற்கவில்லை என்பது உள்பட எல்லாம் உண்மை.

(கையொப்பம்)