எந்த வீட்டுக் கட்டம்?

சரி... பிரசங்கத்தை இந்த இடத்துல கொஞ்சம் நிறுத்தி வச்சிட்டு, ஒரு குட்டிக் கதைக்குப் போவோமா? பின் வரிசையில ஒரு அண்ணாச்சி தலையாட்டுதாரு... சம்மதிச்சுத்தான் ஆட்டுதாரா, தூக்கத்துல ஆட்டுதாரான்னு தெரியல. பரவால்ல, சொல்லுதேன்.

நாசரேத் பக்கத்துக்காரர் ஒருத்தர். பேரு ஞானசிகாமணி. ஸ்காட்லாந்துல ஒரு சின்ன ஊர்ல நர்ஸ் வேலை. மோராக்னு ஒரு அம்மா வீட்டு மாடியில வாடகைக்கு இருந்தார். அந்த அம்மாவை 'அக்கா'ன்னுதான் கூப்பிடுவார். அக்கா வீட்டுக்காரர் படுத்த படுக்கையா கிடந்தப்ப, டூட்டி முடிஞ்சு வந்து இவர்தான் குளிப்பாட்டுவார், சவரம் பண்ணி விடுவார். கடைசியில அந்த மனுஷன் போய்ச் சேர்ந்துட்டார்.

அடுத்த வருஷம் அவங்க மகள் எய்ல்சாவுக்குக் கல்யாணம். அந்தப் பொண்ணு நேரா மாடிக்கு வந்துச்சு. "எங்க அப்பா இருந்தா என் கையைப் பிடிச்சுக் கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போவார். அந்த இடத்துல நீங்க வரணும். கில்ட் கட்டிட்டு வரணும்."

கில்ட்னா தெரியுமா? அந்த ஊர் ஆம்பளைங்க விசேஷத்துக்கு இடுப்புல கட்டுறது. முழங்கால் வரைக்கும் இருக்கும், கட்டம் போட்டிருக்கும். அந்தக் கட்டத்துக்கு டார்ட்டன்னு பேரு. நாமளும்தான் கட்டம் போட்ட சாரம், அதான் லுங்கி, கட்டுதோம்... "ஏய், உன் சாரம் எந்தக் குடும்பத்துக் கட்டம்?"னு யாராச்சும் கேட்டிருக்கோமா? அங்க கேப்பாங்க! குடும்பத்துக்குக் குடும்பம் கட்டம் வேற, கலர் வேற.

நம்ம ஆள் வாடகைக் கடைக்குப் போனார். கடைக்காரம்மா கேட்டுது: "உங்க குடும்பப் பேர் என்ன சார்?"

"டி."

"டி-யா? அதுக்கு மேல?"

"டி-ன்னா தேவசகாயம்... எங்க அப்பா பேரு. அவருக்கு இனிஷியல் எம்."

பாவம் அந்தம்மா! சுவர் பூரா கட்டம் கட்டமா துணி தொங்குது, தேவசகாயத்துக்கு ஒண்ணுமில்ல. "கல்யாண வீட்டுக்காரங்க கட்டத்தையே கட்டலாமே? அவங்கதானே கூப்பிட்டிருக்காங்க?"ன்னுச்சு. இவர் பதறிப்போய், "ஐயையோ வேண்டாம்மா! நான் யாரு... அவங்க குடும்பத்துத் துணியைக் கட்டுறதுக்கு? பொதுவா எல்லாரும் கட்டுற மாதிரி ஒண்ணு குடுங்க, போதும்."

இருந்துச்சு. எந்தக் குடும்பத்துக்கும் சேராத கட்டம். வெளியாள், விருந்தாளி, சுத்திப் பாக்க வந்தவன்... யார் வேணும்னாலும் கட்டலாம். வாங்கிட்டு வந்து அக்காகிட்ட பெருமையா விரிச்சுக் காட்டினார்.

அக்கா பாத்தாங்க. அடுப்படிக்குப் போயிட்டாங்க.

பின்னாலேயே போனா... அழுதுக்கிட்டு இருக்காங்க.

"என்னக்கா? கலர் பிடிக்கலையா?"

"விருந்தாளியா ஊரே வருது சிகாமணி... நாங்க உன்னை விருந்தாளியாவா கூப்பிட்டோம்? இதைக் கட்டிட்டு எம்மவ பக்கத்துல நடந்தா, 'இவளுக்குத் துணைக்கு வர வீட்டு ஆள் இல்ல'ன்னு ஆயிடாதா?"

"அப்படி இல்லக்கா... உங்க வீட்டுக்காரரோட அண்ணன் என்ன நினைப்பாரு? முன்னப் பின்ன தெரியாதவன் நம்ம கட்டத்தைக் கட்டிட்டு வந்து நிக்கான்னு..."

அக்கா பீரோவைத் திறந்தாங்க. பச்சையும் நீலமுமா, நடுவுல மெல்லிசா வெள்ளைக் கோடு. வீட்டுக்காரரோட கில்ட்! ஒரு மாசத்துக்கு முன்னாலேயே தேய்ச்சு எடுத்து வச்சிருக்காங்க. இவர்தான் கேக்காமலே கடைக்குப் போயிட்டார்.

கல்யாண நாள். அக்கா வீட்டுக்காரருக்கு நல்ல தொந்தி, நம்ம ஆள் ஒல்லிக்குச்சி. வாரை இழுத்து, ஊக்கு குத்தி, ஒரு வழியா கட்டிட்டுக் கோயில் வாசலுக்கு வந்தார். வாசல்ல யாரு? அந்த அண்ணன், ஹேமிஷ்! ஆறடிக்கு மேல ஆள். சிரிப்புங்கிறதே முகத்துல கிடையாது. இவரை மேல இருந்து கீழ பாக்குதாரு... கட்டத்தைப் பாக்குதாரு... கையைப் பிடிச்சு ஒரு அறைக்குள்ள இழுத்துட்டுப் போய்க் கதவைச் சாத்திட்டாரு.

சிகாமணி இடுப்பு வாரை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டார். 'அவ்வளவுதான்... அவுத்துக் குடுன்னு சொல்லப் போறாரு!'

என்ன நடந்துச்சு தெரியுமா? அந்தப் பெரிய மனுஷன்... எழுவது வயசுக்காரர்... கல்லுத் தரையில முழங்கால் போட்டார். வாரை அவுத்தார். கில்ட்டை அப்படியே திருப்பினார். ஏன்? மடிப்பெல்லாம் பின்னாடி வரணும். நம்ம ஆள் என்ன பண்ணியிருக்காரு? நம்ம ஊர்ப் பொம்பளைங்க சேலைக்குக் கொசுவம் வைக்கிற மாதிரி, மடிப்பு பூராவையும் முன்னாடி வச்சுக் கட்டியிருக்காரு!

"மன்னிச்சிருங்கய்யா"ன்னார் சிகாமணி.

ஹேமிஷ் நிமிரவே இல்ல. வாரை மாட்டிக்கிட்டே சொன்னார்: "எந்தம்பியும் முதல்முதலா கில்ட் கட்டுன அன்னைக்கு இப்படித்தான் திருப்பிக் கட்டிட்டு வந்தான். அவனுக்கும் நான்தான் சரி பண்ணி விட்டேன்... போ, புள்ள காத்துக்கிட்டு நிக்கா."

என் அன்பான ஜனங்களே... இன்னைக்குக் கர்த்தருக்கு நன்றி சொல்ல ஸ்தோத்திரப் பண்டிகைக்கு வந்திருக்கோம். உங்களைக் கேக்குதேன். நமக்குன்னு எடுத்து வச்சது ஒண்ணு இருக்கையில, 'நான் எதுக்கு... எனக்கெல்லாம் எதுக்கு...'ன்னு வாசல்லயே நிக்கோமே, அதுக்குத் தாழ்மைன்னு பேரா? வச்சுக்கிட்டுக் காத்திருக்கிறவர் மனசு என்ன பாடுபடும்? வாயால ஆயிரம் ஸ்தோத்திரம் சொல்லலாம்... ஆனா நன்றின்னா, குடுத்ததைக் கை நீட்டி வாங்குறது! வாங்கி உடுத்திக்கிட்டு, 'நான் இந்த வீட்டுப் பிள்ளை'ன்னு எல்லார் முன்னாடியும் வந்து நிக்கிறது!

'ஐயா, எனக்குச் சரியா கட்டத் தெரியாதே'ங்கியா?

நீ உடுத்திட்டு வா... திருப்பிக் கட்டி விட வீட்டுல ஆள் இருக்கு.