அக்காவுக்கு நான் படிச்சுக் காட்டின நாலு புத்தகம்

செத்துப்போனவன் எப்படிங்க ரெண்டாவது புத்தகத்துல கல்யாணத்துக்கு வந்து நிப்பான்? நீங்களே சொல்லுங்க. வந்து நிக்கிறான்! புதுச்சட்ட போட்டுக்கிட்டு, இடுப்புல ஒரு கொழந்தையத் தூக்கி வச்சிக்கிட்டு... எழுதறவங்களுக்கு ஒரு பொறுப்பு வேணாமா?

ஐயய்யோ, கண்ணத் தொறக்காதீங்க. சொட்டு மருந்து போட்டா இருவது நிமிஷம் மூடித்தான் வச்சிருக்கணும், நர்சம்மா இப்பத்தானே சொல்லிட்டுப் போனாங்க. நீங்க பாட்டுக்கு மூடிக்கிட்டுக் கேளுங்க. பதிலெல்லாம் சொல்ல வேணாம்.

நான் எனக்காக வரல. அக்கா உள்ள இருக்கா, புதுக் கண்ணாடி போட்டுப் பாக்கறாங்க. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி அவளுக்கு ஆபரேஷன். நாங்க ரெண்டு பேரும் ஜன்னலுக்குத் திரைச்சீலை தைக்கிறவங்க. விழித்திரை கிழிஞ்சிருக்குன்னு டாக்டர் சொன்னப்ப, 'தைச்சிடலாமா'ன்னு கேட்டா எங்க அக்கா. அந்த மாதிரி ஆளு.

கண்ணுக்குள்ள ஏதோ வாயு வச்சு, ரெண்டு வாரம் குப்புறப் படுக்கணும்னு அனுப்பிட்டாங்க. சாப்பிடறது, தூங்கறது எல்லாம் தரையப் பாத்துக்கிட்டே. அப்புறமும் ஒரு மாசத்துக்கு மேல படிக்கக் கூடாது, ஊசி தொடக் கூடாது. இன்னொரு கண்ணு சின்ன வயசுலேர்ந்தே மங்கல். கை சும்மா இருந்தா அவளுக்கு வாய் சும்மா இருக்காதுங்க... என் தையல் கோணல், என் சமையல்ல உப்பு, நான் நடக்கிற சத்தம். அதுக்குத்தான் வாடகை லைப்ரரிலேர்ந்து இந்த நாலு புத்தகத்தையும் எடுத்துட்டு வந்தேன். நான் அவ தலைமாட்டுல தரையில உக்காந்து படிப்பேன். அவ கேப்பா.

பழைய காலத்துக் கதைங்க. ரயில் கூட வராத பொட்டக் காடு. அப்பன் செத்துப்போறான். நாலு பொண்ணுங்க, முந்நூறு மாடு, ஒரு கெணறு. நாலு பேருக்கும் நாக்கு நீளம், நாலு பேரும் துப்பாக்கி சுடுவாங்க. ஆளுக்கொரு புத்தகம். ஒவ்வொருத்தியும் எனக்கு எவனும் வேணாம்னு ஒத்தக் கால்ல நிப்பா. முந்நூறு பக்கம் நிப்பா. அப்புறம் எவனோ ஒருத்தன் தொப்பியக் கழட்டுவான்... அவ்வளவுதான், முடிஞ்சுது! என்னத்தக் கழட்டினான்? தொப்பியத்தானே? தொப்பிக்குக் கீழ தலைதானே இருக்கும்?

குதிரைய விட்டு அவன் எறங்கறதுக்கே ஒன்ற பக்கம். எங்க வீட்டு லிஃப்டே அத விட சீக்கிரம் எறங்கிடும், ஓடற நாள்ல.

அந்த லிஃப்டாலதான் எல்லாமே வந்துச்சு. நாங்க நாலாவது மாடி. ரெண்டாவது மாடில ஒரு லிஃப்ட் மெக்கானிக் இருக்காரு, சம்சாரம் தவறிப்போய் ஆறு வருஷம் ஆச்சு. போன வருஷம் அக்கா உள்ள மாட்டிக்கிட்டா, கைல மூணு திரைக் கம்பியோட. இவருதான் வந்து தொறந்தாரு. நாப்பது நிமிஷம்! கதவு இடுக்கு வழியா பேசிக்கிட்டே ஒரு போல்ட்டக் கழட்டறாரு. நாப்பது நிமிஷமாங்க ஒரு போல்ட்டுக்கு? எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும்.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம் கேட்டுட்டாரு, கல்யாணம் பண்ணிக்கலாமான்னு. அக்காவுக்கு அம்பத்தி நாலு. வெக்கப்பட்டுச் சிரிக்கிறா! கண்ணு சரியானதும் சொல்றேன்னா.

இருவத்திரெண்டு வருஷமா ஒரே மேஜைங்க. அவ அளவெடுத்து வெட்டுவா, நான் தைப்பேன். நாலாவது மாடிலேர்ந்து ரெண்டாவது மாடிக்குத்தானே போறான்னு நீங்க நெனப்பீங்க. நானும் அப்படித்தான் சொல்லிப் பாத்தேன் எனக்கு. ஆனா கதவுக்குத் தாப்பாப் போட்டியான்னு கேக்க ஆள் இருக்காதுல்ல...

சரி, கதைக்கு வரேன். மொதப் புத்தகம் மூத்தவளோடது. நெலம் அளக்க ஒருத்தன் வரான். கடைசில என்னக் கட்டிக்கிறியான்னு கேக்கறான். எங்க அக்கா குப்புறப் படுத்துக்கிட்டு தரையப் பாத்துச் சொல்றா, 'சரின்னு சொல்லுடி... சரின்னு சொல்லு.' யாருக்குச் சொல்றான்னே எனக்குத் தெரியல. பக்கத்தத் திருப்பறேன். அங்கயும் அவ சரின்னுதான் சொல்றா. எனக்கு வாய் வரலீங்க. 'அப்போது ஆற்றில் வெள்ளம் வந்தது'ன்னு படிச்சேன்.

இல்ல, புத்தகத்துல வெள்ளம் இல்ல. மழையே இல்லீங்க அந்தப் புத்தகத்துல, மாடெல்லாம் தண்ணியில்லாமச் சாவுது. நான்தான் விட்டேன் வெள்ளத்த. ஒரே பக்கத்துல ஆள முடிச்சிட்டேன். குதிரைய மட்டும் காப்பாத்தினேன், அது என்ன பண்ணுச்சு பாவம்.

நான் பொய் சொன்னா எம்மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிருவா அக்கா. ஆனா அவதான் தரையப் பாத்துக்கிட்டிருந்தாளே. நிமிந்தப்புறமும் கண்ணாடி இல்லாம எம்மூஞ்சி அவளுக்குக் கலங்கலாத்தான் தெரிஞ்சுது.

அதோட விட்டுச்சா? ரெண்டாவது புத்தகத்துல, தங்கச்சி கல்யாணத்துல, இவன் கொழந்தையோட வந்து நிக்கிறான். செத்தவனோட அண்ணன்னு படிச்சு சமாளிச்சேன். மூணாவது புத்தகத்துல தீப்பிடிச்ச கொட்டகைலேர்ந்து பதினோரு குதிரையக் காப்பாத்தறான். எத்தன அண்ணனுக்கு நான் எங்க போவேன்? அந்தப் பொண்ணுங்க வீட்டுல ஒரு சமையக்காரக் கெழவன் இருக்கான், அந்த வேலையெல்லாம் அவனுக்குக் குடுத்துட்டேன். எழுவது வயசு அவனுக்கு, முட்டிவலி வேற. அக்காவுக்கு அவன ரொம்பப் புடிச்சுப் போச்சு.

நாலாவது புத்தகம், பன்னெண்டாவது பக்கம், அந்தக் கெழவன் செத்துட்டான்.

நெசமாவே! புத்தகத்துலயே! நான் என்ன பண்ணட்டும்? சாக விடல. மிச்சம் இருக்கிற பக்கம் பூரா அவன உயிரோட நடமாட விட்டேன். அவன் பேசறத எல்லாம் நான்தான் அப்பப்ப கட்டணும். தொண்ட கட்டிப்போச்சுங்க எனக்கு.

போன வாரம் மெக்கானிக் வாசல்ல வந்து நின்னாரு. தொப்பியெல்லாம் கெடையாது அவருக்கு, கைல ஒரு ஸ்பேனர், அவ்வளவுதான். நான் மிஷின்ல உக்காந்திருக்கேன். அக்கா சொல்றா, 'அந்தக் கதைல மூத்தவ, அவன் போனப்புறம் கல்லு மாதிரி தனியாவே நின்னா. சின்ன வயசு, தாங்கிட்டா. எனக்கு அந்தத் தெம்பு இல்ல. உங்களுக்கும் ஒருதடவ சம்சாரம் போயாச்சு. வேணாங்க.' அவரு 'சரிங்க'ன்னாரு. படியில எறங்கிப் போனாரு. ரெண்டாவது மாடி வரைக்கும் எனக்குச் சத்தம் கேட்டுச்சு.

எனக்குச் சந்தோஷமா இருந்திருக்கணும்ல? நான் ஆசப்பட்டதுதானே நடந்துச்சு? அன்னிலேர்ந்து என் தையல் கோணல்னு ஒரு வார்த்த சொல்லலீங்க அவ. கோணலாத்தான் தைக்கிறேன். வேணும்னே தைச்சுப் பாத்தேன். ஒரு முழுத் திரைய வளைச்சு வளைச்சுத் தைச்சு மடியில போட்டேன். விரலால தடவிப் பாத்துட்டு, 'நல்லாருக்கு'ன்னு மடிச்சு வச்சிட்டா.

இன்னிக்குக் கண்ணாடி வந்ததும் மொத வேலையா மொதப் புத்தகத்த அவளே திரும்பப் படிக்கப் போறாளாம், வெள்ளம் வரதுக்கு முந்தின பக்கம் வரைக்கும். ஆசையா சொல்றா. நாலும் என் பையிலதான் இருக்கு. லைப்ரரில குடுத்துட்டேன்னு சொல்லிடலாம்... உங்களுக்கு வேணுமா? நல்ல கதைங்க. நெசமா. நாலையும் எடுத்துக்கங்களேன், நான் அபராதம் கட்டிக்கிறேன்.

என்ன எழுந்துட்டீங்க? யாரு கூப்பிட்டாங்க? எனக்குக் கேக்கலியே... இருவது நிமிஷம் ஆகலீங்க! அது கதவு இல்ல, அலமாரி! வலது பக்கம்... ஆங், அதான்... போயிட்டாங்க. கண்ண நல்லாத் தொறந்துக்கிட்டே போறாங்க.

அக்கா! வா வா. நல்லாத் தெரியுதா? அந்த போர்டப் படி... நான் போர்டப் படின்னா நீ ஏன் என்னப் பாக்கற? எளைச்சிருக்கேனா? நானா? ரெண்டு மாசமா நீ பாக்கல, அதான் அப்படித் தோணுது. இல்ல, ஒண்ணுமில்ல... கண்ணுக்குக் கீழ கறுப்பா? தூங்கலதான். இல்லக்கா, உன்னால இல்ல. கையெடு, எல்லாரும் பாக்கறாங்க. மூஞ்சியத் தொடாத...

அக்கா, உக்காரு. அந்த நெலம் அளக்கறவன் சாகல. வெள்ளமெல்லாம் வரல. அவளக் கட்டிக்கிட்டு நாலு புத்தகத்துலயும் நல்லாத்தான் இருக்கான். நாந்தான் மாத்திப் படிச்சேன். நீ சரின்னு சொல்லிடுவியோன்னு பயந்து போய்ப் படிச்சேன்.

திட்டு. எவ்ளோ வேணா திட்டு, இங்கயே திட்டு. திட்டி முடிச்சதும் நேரா அவர் வீட்டுக்குப் போய்க் கதவத் தட்டு. நான் மேல போயிடறேன், நான் கூட நிக்கல. தனியா தைக்கப் பழகிக்கறேன்... அளவு மட்டும் நீ வந்து எடுத்துக் குடுத்துட்டுப் போக்கா.