பதில் விசில்

கிரான்பர்ன் போகும் ரயிலில் எனக்கு எதிரே முதியோர் இல்லச் சீருடையில் இரண்டு தமிழ்ப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் சொன்னாள்:

"அக்கா, ஏழாம் ரூம் யூதப் பாட்டி நேத்து சாகறதுக்கு முன்னாடி விசில் ஊதினாங்க. வெளியிலேர்ந்து நீங்க பதிலுக்கு ஊதினதும் சிரிச்சாங்க. அது என்ன விளையாட்டு?"

மூத்தவர் சொன்னார்:

"விளையாட்டில்லை. பாலஸ்தீனத்தில முதல் குடியேறின யூத ஆக்களுக்கு அவவின்ர தாத்தா காவல்காரர். குதிரையில திரிவாராம். கூடக் காவல் நிக்கிற கூட்டாளி விசில் ஊதினா இவர் திருப்பி ஊதவேணும். ஒரு நாள் ஊதேல்லை. திராட்சைத் தோட்டத்தில ஆரோ சுட்டுப்போட்டினம். தாத்தா பதில் ஊதுவார் எண்டு இவ ரூமில ஒவ்வொரு நாளும் ஊதிப்போட்டுக் காத்திருப்பா. பாவம் எண்டு நான்தான் மறைஞ்சு நிண்டு ஊதுறனான்."

"நேத்து ரொம்பக் கிட்டக்க கேட்டுச்சுக்கா."

"நேற்று நான் வேலைக்கு வரேல்லை, தங்கச்சி."